நான்கு விரல் கை

சுகாதாரப் பிரச்சாரத்துக்கென்று கல்கத்தாவில் இருந்த ஒரு சின்ன அரசு அலுவலகத்தில் பார்த்தசாரதி முப்பத்திரண்டு வருஷம் படம் காட்டினார். ஜீப்பின் பின்னால் புரொஜெக்டர், ஜெனரேட்டர், சுருட்டிய திரை, நான்கைந்து படப்பெட்டிகள். மாதத்தில் பதினெட்டு நாள் கிராமங்களில் போகும். மீதி நாட்களில் டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்து வாடகை வீட்டில், துவைத்த துணி காய்வதற்காகக் காத்திருப்பார். காய்ந்ததும் அதையே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுபடி கிளம்புவார். அவருடைய அப்பா ஒரு சணல் கம்பெனிக்கு டைப்பிஸ்டாக வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். பார்த்தசாரதி பவானிபூரில் பிறந்தவர். தமிழைவிட வங்காளம் அவருக்குத் தடையில்லாமல் வரும். அந்த வேலை கிடைத்ததும் அதனால்தான்.

காட்டியதெல்லாம் பெரும்பாலும் கார்ட்டூன் படங்கள். தண்ணீரைக் காய்ச்சுங்கள், கையைக் கழுவுங்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போடுங்கள் என்று பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடுகிறவை. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் ஒரு படிவம் நிரப்பி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதில் ஏழாவது கட்டம் ‘பார்வையாளர் எதிர்வினை’. மற்ற ஆபரேட்டர்கள் அதில் ‘நன்று’ என்று எழுதுவார்கள். பார்த்தசாரதி நடந்ததை எழுதினார். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். கை கழுவும் படத்தில் கிருமிகளை உருண்டையாக, சிரித்த முகத்தோடு வரைந்திருந்தார்கள். சோப்பு வந்து அவற்றைக் கொல்லும் இடத்தில் ஒரு தீவுக் கிராமத்துக் குழந்தைகள் அழுதன என்றும், கிருமிகளைக் காப்பாற்றச் சொல்லி ஒரு பெண் தன் கையைப் பிடித்து இழுத்தாள் என்றும், இந்தப் படம் தன் நோக்கத்துக்கு எதிராகவே வேலை செய்கிறது என்றும் எழுதினார். பதில் வரவில்லை. அடுத்த வருஷமும் அதே படத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அவரும் அதையே மறுபடி எழுதினார். ஒவ்வொன்றிலும் கார்பன் வைத்து ஒரு நகலைத் தன் அலமாரியில் போட்டுவைத்தார். ஏன் இப்படி எழுதினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இவ்வளவு தூரம் போய் வந்தது யாருக்காவது தெரிந்திருக்கட்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எண்பத்திரண்டில் ஒரு புதுப் படம் வந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டிலேயே உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுப்பது எப்படி என்ற படம். ஒரு பெரிய கை திரையில் வந்து மூன்று விரலைச் சேர்த்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் பானையில் போடும். நல்ல படம்தான். ஆனால் கார்ட்டூன் வரைகிறவர்கள் வழக்கப்படி அந்தக் கைக்கு நான்கு விரல்தான் வரைந்திருந்தார்கள். கட்டைவிரலோடு சேர்த்து நான்கு. பட்டணத்துக்காரர்கள் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். கிராமத்தில் முதல் காட்சியிலேயே ஒரு கிழவர், அந்த ஆளுக்கு விரல் எப்படிப் போயிற்று என்று கேட்டார். அது பரவாயில்லை. வேறொரு சங்கடம் இருந்ததைப் பார்த்தசாரதி நான்காவது ஐந்தாவது ஊரில்தான் கண்டுபிடித்தார். காட்சி முடிந்ததும் ஒரு பெண்ணை உப்பு எடுத்துக் காட்டச் சொன்னார். அவள் சுண்டுவிரலை மட்டும் மடக்கிக்கொண்டு நான்கு விரலாலும் அள்ளினாள். கேட்டால், படத்தில் அப்படித்தான், கடைசி விரலை விட்டுவிட்டு மற்றதாலெல்லாம் எடுக்கிறார்கள் என்றாள். வசனத்தில் மூன்று விரல் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஜெனரேட்டர் இரைச்சலில் வசனம் பாதி கேட்பதில்லை. நோயில் துவண்ட பச்சைக் குழந்தைக்கு உப்பு அதிகமானால் ஆபத்து என்று அவருக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள்.

எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். எண்பத்து நான்கில் வயிற்றுப்போக்கு பரவிய வருஷத்தில், கானிங்குக்கு அப்பால் ஒரு படகுத்துறையில் சுகாதார உதவியாளர் ஒருவர் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “போன தடவை நீங்க படம் காட்டின ஊர்ல ஒரு குழந்தை போயிடுச்சு, பார்த்தோ பாபு. மண்டல் வீட்டுக் குழந்தை. படத்துல பார்த்தபடியே உப்பு போட்டாங்களாம். அள்ளிப் போட்டிருக்காங்க.”

பார்த்தசாரதி அன்று டீயைக் கீழே வைத்துவிட்டு அறிக்கை எழுதினார். குழந்தையின் மரணத்தையும் அதற்கான காரணத்தையும் ஏழாவது கட்டத்தில் எழுதி, சிவப்பு மையால் கோடு போட்டார். அதற்கும் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் தானாக ஒன்று செய்ய ஆரம்பித்தார். படத்தை நடுவில் நிறுத்தினால் விளக்குச் சூட்டில் ஃபிலிம் உருகிவிடும். அதனால் படம் ஓடி முடிந்ததும் விளக்கை அணைக்காமல், வெறும் வெளிச்சத்துக்கு முன்னால் தன் கையை நீட்டுவார். திரையில் ஆள் உயரத்துக்கு ஐந்து விரலோடு ஒரு நிழல் கை எழும். மூன்று விரலைச் சேர்த்து, “இவ்வளவுதான் உப்பு, இதுக்கு மேல கூடாது” என்று தொண்டை கட்டும்வரை கத்துவார். அந்தப் படம் தேய்ந்து கிழிந்து ஒதுக்கப்படும்வரை பத்து வருஷம் ஒவ்வொரு ஊரிலும் இப்படிக் கையை நீட்டினார்.

தொண்ணூற்றாறில் அலுவலகத்தை வேறு கட்டிடத்துக்கு மாற்றப்போவதாகச் சொல்லிப் பழைய காகிதங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம், ஷர்மிஷ்டா லாஹிரி என்ற பெண் வந்தாள். பவானிபூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய சுகாதாரக் கார்ட்டூன் படங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். அதிகாரி அவளைப் பார்த்தசாரதியிடம் தள்ளிவிட்டார். பெட்டிகளைத் திறந்தால் புளித்த நாற்றம் வந்தது. ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன.

“ஜனங்க இதையெல்லாம் எப்படிப் பார்த்தாங்கன்னு ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா?” என்று அவள் நம்பிக்கையில்லாமல் கேட்டாள்.

பார்த்தசாரதி அலமாரியைத் திறந்து காட்டினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்பன் நகல்கள். அவள் நின்றபடியே படித்தாள். பியூன் வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்றபோதுதான் நிமிர்ந்தாள்.

“கார்ட்டூன் படங்களை ஆராய்ச்சி பண்றதுக்குன்னே ஒரு சர்வதேசக் கழகம் இருக்கு, பார்த்தசாரதி பாபு. நானும் அதுல உறுப்பினர். வருஷத்துக்கு ஒரு மாநாடு நடத்துவாங்க. பல தேசத்திலேர்ந்தும் வருவாங்க.”

“கார்ட்டூனுக்கா?”

“ஆமா.”

“படிச்சவங்களா?”

“ரொம்பப் படிச்சவங்க” என்று அவள் சிரித்தாள். “ஒரு படத்துல கோடு எப்படி அசையுதுன்னு அம்பது பக்கம் எழுதுவாங்க. ஆனா அதைப் பார்த்தவன் என்ன நினைச்சான்னு யார் கையிலயும் ஒண்ணும் கிடையாது. உங்க கையில இருக்கு.”

வீட்டில் அவர் இதைச் சொன்னபோது மனைவி ஜகதாம்பாள் பயறு முளைகட்டிய துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். “முப்பது வருஷமா நீங்க எழுதினதை ஒருத்தி படிச்சாளாக்கும்” என்றாள். பிறகு, “பாவம்” என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு பேர் பெயரிலும் கட்டுரை தயாராயிற்று. அவர் வங்காளத்தில் சொல்வார், ஷர்மிஷ்டா ஆங்கிலத்தில் எழுதுவாள். அவருடைய மகள் மது அப்போது பெஹாலாவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். அவள்தான் அதை டைப் செய்தாள். நான்கு விரல் கையைப் பற்றித்தான் கட்டுரை. அந்தக் குழந்தையின் மரணம் மூன்றாம் பக்கத்தில் வந்தது. கழகத்திலிருந்து ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. தொண்ணூற்றேழு செப்டம்பரில் கனடாவில் மாநாடு. இருவரும் வரலாம், செலவைக் கழகமே பார்த்துக்கொள்ளும்.

அரசு ஊழியர் வெளிநாடு போவதென்றால் ஆட்சேபணை இல்லை என்று அலுவலகம் எழுதித் தர வேண்டும். பார்த்தசாரதி மனு எழுதி, கட்டுரைச் சுருக்கத்தையும் இணைத்து மேலே அனுப்பினார். ஏழு வாரம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே இருந்தது மெமோ. அரசுப் படக் காட்சிகளின் முடிவில் பத்தாண்டு காலம் அனுமதியின்றித் திரையில் நிழல் காட்டியது ஏன், அரசுப் படத்தில் பிழை இருப்பதாகப் பொதுமக்களிடம் கூறியது யார் அனுமதியில், பதினைந்து நாளில் விளக்கம் தரவும்.

அதை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். முப்பது வருஷத்தில் ஏழாவது கட்டத்துக்கு வந்த முதல் பதில் அதுதான். கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. முதுகுதான் வலித்தது.

விசாரித்த உதவி இயக்குநர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மேஜையில் மூன்று மாத்திரைப் பட்டைகள் கிடந்தன.

“ஏன் பார்த்தோ பாபு இதையெல்லாம் எழுதினீங்க? ‘நன்று’ன்னு போட்டிருந்தா இன்னிக்கு நிம்மதியா போய்ட்டு வந்திருக்கலாமே.”

“நன்றா இல்லை சார்.”

“அது எனக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவர் ஃபைலை மூடினார். “விளக்கம் சின்னதா எழுதிக் கொடுங்க. நீளமா எழுதினா மேல யாராவது படிச்சுடுவாங்க.”

பார்த்தசாரதி இரண்டு வரி எழுதினார்: படத்தில் இருந்த கைக்கு நான்கு விரல். பார்த்தவர்களின் கைக்கு ஐந்து என்பதால் என் கையைக் காட்டினேன்.

எச்சரிக்கையோடு விட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை. ஷர்மிஷ்டா மட்டும் போனாள். அவள் கட்டுரை படித்த அன்று அவர் பர்த்வான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், அயோடின் உப்பைப் பற்றிய படத்தை வீடியோவில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவள் டாக்குரியா ஏரிக்கரையில் அவரைப் பார்த்துப் பேசினாள். மாநாடு முடிகிறவரை எல்லோரும் அந்தக் குழந்தையைப் பற்றியே பேசினார்களாம். அவருக்கென்று ஒரு கடிதமும் கொண்டுவந்திருந்தாள். எழுதியவள் ஹெலன் என்ற வயதான பெண்மணி. நாற்பது வருஷம் கார்ட்டூன் வரைந்தவள், ஆப்பிரிக்க நாடுகளுக்காக இதே மாதிரிச் சுகாதாரப் படங்களும் வரைந்தவளாம். மது அதைத் தமிழில் படித்துச் சொன்னாள்.

‘நாங்கள் எப்போதும் நான்கு விரல்தான் போட்டோம். ஒரு நொடிக்கு இத்தனை படம் என்று வரையும்போது ஒரு விரல் குறைந்தால் கைக்கு ஓய்வு. இத்தனை வருஷத்தில் யாரும் எங்களிடம் வந்து இப்படி ஆயிற்று என்று சொன்னதில்லை. நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தத் தாயிடம் நீங்கள் பேசியபோது அவள் என்ன சொன்னாள்?’

மது படித்து முடித்துவிட்டு, “என்னப்பா சொன்னா அவ?” என்று கேட்டாள்.

“நான் அவளைப் பார்க்கவே இல்லை” என்றார் பார்த்தசாரதி.

படகுத்துறையில் ஒருவர் சொன்னார், இவர் எழுதினார். அவ்வளவுதான். எழுதி எழுதி அது நடந்ததாகவே ஆகிவிட்டது. இப்போது கனடாவிலும் அது நடந்ததாகிவிட்டது.

ஓய்வு பெற்ற அடுத்த பிப்ரவரியில், குழந்தை இறந்த அந்த ஊருக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். ஜகதாம்பாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“நீ எதுக்கு? ரயில், படகு, அப்புறம் வேன் ரிக்‌ஷா. முட்டி வலிக்கும்.”

“முப்பத்திரண்டு வருஷம் மாசத்துல பாதி நாள் அங்கேதான இருந்தேள். எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்துட்டு வரேன்.”

கானிங் லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. படகில் கிடைக்கவில்லை. ஊரில் மண்டல் வீடுகள் பதினாறு இருந்தன. எண்பத்து நான்கில் குழந்தை இறந்த வீடு எது என்று கேட்டால், “எந்தக் குழந்தை?” என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த வருஷம் அந்த ஊரில் ஐந்து குழந்தைகள் போயிருந்தன. கடைசியில் ஆரதி மண்டல் என்ற பெண்ணின் வீட்டைக் காட்டினார்கள். நாற்பது வயதுக்காரி. முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். பாயை விரித்து உட்கார வைத்துப் பொரி கொண்டுவந்து வைத்தாள்.

பார்த்தசாரதி தான் யார் என்று சொன்னார். படம் காட்டுகிற ஆள் வந்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்த வாரம் அவள் பிறந்த வீட்டில் இருந்தாளாம், அண்ணன் கல்யாணம். அவள் திரும்பி வந்தபோது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு மூன்றாம் நாள். மாமியார்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் படம் பார்த்தாளா என்பது தெரியாது, அவளும் இப்போது இல்லை.

“குழந்தைக்கு ஏதாவது தண்ணி கலந்து கொடுத்தாங்களா?” என்று அவர் கேட்டார்.

“கொடுத்தாங்க. தண்ணி கொடுத்தாங்க, கஞ்சி கொடுத்தாங்க, ஓதிக் கொடுத்ததும் கொடுத்தாங்க. ஒண்ணும் தங்கல. டாக்டர் வர்றதுக்கு அன்னிக்குப் படகு இல்ல.”

“அந்தத் தண்ணியில உப்பு...”

“உப்பா?” என்றாள் அவள்.

வலையில் இருந்த அவள் கை நின்றது. ஜகதாம்பாள் கணவரின் முழங்காலை அழுத்தினாள். ஆனால் அந்தப் பெண் அதற்குள் அவர் முகத்தைப் படித்துவிட்டாள்.

“உப்பு ஜாஸ்தியா போட்டா செத்துப் போகுமா?”

பார்த்தசாரதி பொரியைத் தள்ளி வைத்தார்.

“என் மாமியார் சாகிற வரைக்கும் அவன் பேரைச் சொல்லி அழுதா” என்றாள் ஆரதி மண்டல். குரலை உயர்த்தவில்லை. “பதினஞ்சு வருஷமா யாரும் சொல்லாததைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?”

அதன் பிறகு ஜகதாம்பாள்தான் பேசினாள். பேச்சை மெல்ல மற்ற குழந்தைகள் பக்கம் கொண்டுபோனாள். ஒரு பையன் கல்கத்தாவில் கொத்தனார் வேலை, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அரை மணி நேரம் பேசினார்கள். கிளம்பும்போது ஆரதி மண்டல் ஜகதாம்பாளிடம் மட்டும் போய் வாருங்கள் என்றாள்.

திரும்பும் படகில் இருவரும் நின்றுகொண்டே வந்தார்கள். பாதி ஆற்றில் ஜகதாம்பாள் சொன்னாள்: “கேக்காம இருந்திருக்கலாம்.”

“தெரிஞ்சுக்காம எழுதிட்டேன், ஜகதா.”

“இப்போ மட்டும் என்ன தெரிஞ்சுண்டோம்? உங்களுக்குத் தெரியலை. அவளுக்குத்தான் ஒரு சந்தேகத்தைக் கொடுத்துட்டு வந்திருக்கோம்.”

அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

கட்டுரை அப்போது கழகத்தின் பத்திரிகையில் அச்சுக்குப் போக இருந்தது. பார்த்தசாரதி பவானிபூர் கல்லூரிக்குப் போய் ஷர்மிஷ்டாவிடம் சொன்னார். குழந்தையின் சாவுக்குப் படம்தான் காரணம் என்பதை எடுத்துவிட வேண்டும். பெண்கள் உப்பை நான்கு விரலால் அள்ளியது அவர் கண்ணால் பார்த்தது, அது இருக்கட்டும்.

அவள் முகம் வாடிவிட்டது. “எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறதே அது ஒண்ணுதான். அது இல்லாட்டி இது விரலைப் பத்தின ஒரு கட்டுரை, அவ்வளவுதான். நடக்கலைன்னும் நிச்சயமா சொல்ல முடியாதே?”

“சொல்ல முடியாது. நடந்ததுன்னும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாதுன்னு போடுங்க.”

“ஆராய்ச்சியில தெரியாதுன்னு போட்டா...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். வேலை நிரந்தரமாவதற்கு அவளுக்கு அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது. அது பார்த்தசாரதிக்கும் தெரியும். கடைசியில், “சரி, எடுத்துடறேன்” என்றாள். சொன்னபடியே எடுத்துவிட்டாள். கட்டுரை இரண்டாயிரத்து ஒன்றில், ஒன்பது பக்கமாகச் சுருங்கி, அவர் பெயரில் ஒரு எழுத்துப் பிழையோடு வந்தது. ஹெலனுக்கு அவர் தனியாக எழுதினார். பதில் அவளுடைய மகனிடமிருந்து வந்தது. அம்மா போன குளிர்காலத்தில் காலமாகிவிட்டதாக எழுதியிருந்தான்.

அச்சில் எடுத்தாலும் பேச்சில் போனது போனதுதான். மாநாட்டில் காதால் கேட்டவர்கள் தங்கள் கட்டுரைகளில் எழுத ஆரம்பித்தார்கள். இந்தியாவில் ஒரு கார்ட்டூன் கை ஒரு குழந்தையைக் கொன்றது என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் குழந்தைகள் என்று பன்மையில் எழுதினார். ஒரு புத்தகத்தின் முதல் பக்கமே அதில்தான் தொடங்கியது. ஷர்மிஷ்டா கண்ணில் பட்டதையெல்லாம் அவருக்குச் சொல்லிவிடுவாள், அந்த நேர்மை அவளிடம் இருந்தது. பார்த்தசாரதி ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார். அந்தச் செய்தியைக் கொடுத்தவன் நான், அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது, அந்தக் குடும்பம் இருக்கிறது, தயவுசெய்து நீக்கிவிடவும். மது அதை ஆங்கிலமாக்குவாள். கல்யாணமாகி பெஹாலாவிலேயே இருந்தாள், ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போவாள்.

சிலர் பதில் போட்டார்கள். அடுத்த பதிப்பில் திருத்துவதாக எழுதினார்கள். அடுத்த பதிப்பு வந்ததா என்று அவருக்குத் தெரியாது. கழகத்தின் செய்தி மடலில் ஒரு முறை, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் அவர் கடிதத்தைப் போட்டார்கள். ஆரதி மண்டலுக்கும் ஒரு தடவை வங்காளத்தில் எழுதினார். உப்பால்தான் என்று யாருக்கும் தெரியாது, உங்கள் மாமியார் மேல் எந்தத் தவறும் இருப்பதாக நான் நினைக்கவில்லை, கேட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்று. அவளுக்குப் படிக்கத் தெரியுமா, யாராவது படித்துக் காட்டினார்களா, ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கட்டுரை. அதில் அந்தக் குழந்தைக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். பார்த்தசாரதிக்கு அப்போது அறுபத்தேழு வயது, ஒரு கண்ணில் புரை. பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

“இது எத்தனையாவது?” என்றாள் ஜகதாம்பாள்.

“எட்டோ ஒன்பதோ.”

“அவா எழுதிண்டேதான் இருப்பா.”

“ஆமாம்” என்றார். அதை அவர் மறுக்கவில்லை. முதல் வரியை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். சமையலறையில் குக்கர் கூவி அடங்கிற்று. எழுதி முடிக்கப் பன்னிரண்டு மணி வெயில் ஆகிவிட்டது. மது ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள், அன்று புதன். உறையில் போடாமல் மடித்து ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டு, சாப்பிடக் கை கழுவப் போனார்.